போனுக்குத் தெரியாத குரல்

“இந்தப் போனுக்கு என்னை அடையாளம் தெரியலைங்க. எத்தனை வாட்டி கூப்பிட்டாலும் பதில் மிண்டாம கிடக்கு.”

மட்டாஞ்சேரியிலிருந்து ஆலுவா போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னாள். அவள் கழுத்தில் ஆபரேஷன் செய்த வடு இருந்தது. குரல் கரகரத்து, பாதி வெறும் காற்றாக வந்தது.

கணவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவள் போனில் எதையெதையோ தட்டிப் பார்த்தார்.

“மைக் நல்லாத்தான் இருக்கு. ஆபரேஷனுக்கு முந்தி உன் குரலைப் பதிஞ்சு வச்சோம்ல, அதைத்தான் தேடுது. புதுசாப் பதியணும். பழைய குரலை அழிக்கட்டான்னு கேக்குது.”

அவள் போனை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அழிச்சா, நான் எப்படிப் பேசினேன்னே மறந்துபோகும்.”

“நம்ம மக சபீனா கல்யாண வீடியோவுல நீ எல்லாரையும் விரட்டுற சத்தம் இருக்கே, அது போதாதா?”

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“பஸ்ல இத்தனை பேர் இருக்காங்க. இந்தக் குரலை வச்சுக்கிட்டு எப்படி...”

“இருக்கட்டும். எனக்கு இந்தக் குரலும் பழகிடுச்சு. மெல்லச் சொல்லு.”

அவள் போனை வாயருகே பிடித்து, புதுப் பதிவுக்கு அது கேட்ட சொற்களை நான்கு முறை சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, “சபீனா அத்தாவைக் கூப்பிடு” என்றாள்.

கணவரின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் அதை அணைக்கவில்லை. எடுத்துக் காதில் வைத்து, பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து, “சொல்லு ஜமீலா, நல்லாக் கேக்குது” என்றார்.