பிரியாவின் கைராசி

தொட்டியில் இறால் வளர்ப்பது அப்படியொன்றும் சிரமமான வேலை இல்லை, டாக்டரம்மா. தண்ணீரைச் சட்டென்று மாற்றக்கூடாது, தீனியை அள்ளிப் போடக்கூடாது, பாசி நன்றாகப் படர்ந்திருக்க வேண்டும். எல்லாம் என் மனைவி பிரியா சொல்லிக்கொடுத்ததுதான். நான் திண்டிவனத்தில் ஓர் உரக்கடையில் வேலை செய்கிறவன். எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்?

இரண்டாவது கருவும் நாலாம் மாதத்தில் கலைந்தபிறகு அவள் பேச்சையே விட்டிருந்தாள். பாண்டிச்சேரிக்குப் போன ஒருநாள், வண்ணமீன் கடையில் செடிகளுக்கு நடுவே சிவப்பாக ஊர்ந்துகொண்டிருந்த குட்டி இறால்களின் முன்னால் நின்றுவிட்டாள். விரல் நகம் அளவுதான் இருக்கும். பத்து வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கொடுத்தவன் நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒன்று வயிற்றுக்கடியில் முட்டைகளைச் சுமந்தபடி, கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டிருந்தது. பிரியா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். குஞ்சுகள் வெளிவந்த அன்று எங்கள் உரக்கடைக்கே போன் செய்து அழுதாள்.

"ஒண்ணுகூட சாவலீங்க. எல்லாம் பாசியில மேஞ்சிக்கினு இருக்குது."

ஒரு வருடத்தில் மூன்று தொட்டிகள் ஆயின. யார் யாரோ கூப்பிட்டு அவளிடம் யோசனை கேட்டார்கள். நான் வேலை முடிந்து வரும்போது போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். சோறு மூடிவைத்திருக்கும் இடத்தைக் கையால் காட்டுவாள். அதைக்கூட நான் குறையாகச் சொல்லவில்லை. பிறகு, இறால் விற்க விழுப்புரத்தில் தன் அம்மா வீட்டுப் பக்கத்திலேயே கடை ஒன்று பார்த்திருப்பதாகச் சொன்னாள். வாரத்தில் நாலு நாள் அங்கேயே தங்கிக்கொள்வாளாம். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள்.

இறாலுக்குச் செம்பு ஆகாது என்பதும் அவள் சொன்னதுதான். மீன் தாங்கும், இது தாங்காது. எங்கள் கடையில் பயிருக்கு அடிக்கிற மயில்துத்தம் இருக்கிறது. அதில் இருப்பது செம்புதான். கொஞ்சம் கரைத்து மூன்று தொட்டிகளிலும் ஊற்றினேன். தண்ணீரின் நிறம்கூட மாறவில்லை.

மறுநாள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. அவள் போர் தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். தொட்டிகளைக் கழுவி, கேன் தண்ணீர் ஊற்றி, செடிகளை மாற்றி, புதிதாக இறால் வாங்கி விட்டாள். மறுபடியும் ஊற்றினேன். மூன்றாம் முறையும் ஊற்றினேன். அந்த முறை அவள் தண்ணீரைச் சந்தேகப்படவில்லை. தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணியில ஒண்ணும் இல்லீங்க. என் கைதான். நான் தொட்டது எதுவும் தங்கமாட்டேங்குது."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். வெகுநாள் கழித்து அன்றுதான் என்மேல் சாய்ந்து அழுதாள். கடைப் பேச்சு அதோடு நின்றது. நாங்கள் நல்லபடியாகத்தான் இருந்தோம்.

அடுத்த வருடம் எங்களுக்கு ரோஜா பிறந்தாள். மூன்று கிலோ, ஒரு குறையும் இல்லை. நர்ஸ் குழந்தையை நீட்டியபோது பிரியா தன் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட குடுக்காதீங்க. அக்காகிட்ட குடுங்க. இதாவது பொழச்சிக்கட்டும்."

என் அக்கா ஜெசிந்தாதான் விழுப்புரத்தில் தன் வீட்டில் வைத்துக் குழந்தையை வளர்க்கிறாள். பிரியாவுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. மல்லிகைப்பூ வைத்துக் கட்டி வற்றவைத்தோம். இப்போது குழந்தைக்கு எட்டு மாதம். ஞாயிறுதோறும் கோயிலில் பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போகிறோம். பிரியா உள்ளே வருவதில்லை. படியிலேயே நின்று, கைகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு பார்ப்பாள். போன வாரம் குழந்தை தவழ்ந்து அவள் காலடிக்கே வந்துவிட்டது. அவள் பின்னால் நகர்ந்து நகர்ந்து தெருவுக்கே போய்விட்டாள்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் ஒவ்வொரு வாரமும் கிளம்புகிறேன். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். எழுப்ப மனம் வருவதில்லை.

அவளுக்கு ஏதாவது அதிர்ச்சி நேர்ந்ததா என்று கேட்டீர்கள். மறைக்காமல் சொல்லிவிட்டேன். மாத்திரை எழுதிக்கொடுங்கள், வேளாவேளைக்கு நானே கொடுக்கிறேன். இதை மட்டும் அவளிடம் சொல்லவேண்டாம். என்மேல் இருக்கிற நம்பிக்கையும் போய்விட்டால், பாவம், அவளுக்கென்று வேறு யார் இருக்கிறார்கள்?