சுருங்காத குழாய்

நான் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. என் தலைமுறையில் இப்படிச் சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ள ஒரே ஆள் அநேகமாக நான்தான். பொய் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபம்தான் வரும். வேலை தெரியாதவன்தான் பொய் சொல்வான். விசாரணைக் குழுவினராகிய நீங்கள் இதை முதலில் எழுதிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கிவிடும்.

என் வேலை இது. பிரசவ அறையிலிருந்து தொப்புள்கொடி ஐஸ் பெட்டியில் வரும். அதற்குள் ஓடும் ரத்தக் குழாயைப் பிரித்தெடுத்து, மோதிரம்போலச் சின்னச் சின்ன வளையமாக நறுக்குவேன். ஒரு வளையத்தை இரண்டு கொக்கிகளுக்கு நடுவே மாட்டி வெதுவெதுப்பான திரவத்தில் தொங்கவிட்டு, ரத்தக் கொதிப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். குழாய் சுருங்கினால் திரையில் கோடு மேலே ஏறும். பிள்ளைக்குப் போகிற ரத்தம் குறையும் என்று பொருள். சுருங்காவிட்டால் கோடு படுத்தே கிடக்கும். தாயின் கொதிப்பை இறக்குகிற ஒரு புது மாத்திரை பிள்ளையின் குழாயை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

சுருங்கியது. புதிதாக வந்த கொடி ஒவ்வொன்றும் சுருங்கியது. கூடவே பேராசிரியரின் முகமும்.

"மறுபடியும் பாருப்பா. உன் கைப்பக்குவம் சரியில்ல போல."

ஒரு நீண்ட விடுமுறைக்கு முன் வந்த கொடியை ஃபிரிட்ஜில் மறந்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து அதையே மாட்டினேன். மருந்து விட்டும் கோடு, சாப்பாட்டுக்கு அப்புறம் வகுப்பில் உட்கார்ந்த மாணவன்போல அசையாமல் கிடந்தது. பேராசிரியர் என் முதுகில் தட்டினார்.

"பாத்தியா? பொறுமை வேணும்னு சொன்னேன்ல?"

அதற்குப் பிறகு வந்த கொடிகளுக்கெல்லாம் ஃபிரிட்ஜில் நான் அந்தப் பொறுமையைக் கொடுத்தேன். ஓர் எண்ணைக்கூட மாற்றவில்லை. கோட்டை நான் நேராக்கவில்லை. அது தானாகவே நேராக வந்தது.

எங்கள் ஆய்வகத்தில் இன்னொரு மாணவி உண்டு. மருந்து விடுவதற்கு முன் ஒவ்வொரு வளையத்துக்கும் பொட்டாசியம் உப்புக் கரைசல் விட்டுப் பார்ப்பாள். உயிருள்ள குழாய் அதற்குக் கட்டாயம் சுருங்கும். சுருங்காததைக் குப்பையில் போட்டுவிடுவாள். நான் அவளுக்கு வைத்த பெயர் உப்புக்காரி.

"நீ உப்பு விட்டுப் பாத்தியா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இங்க என்ன சமையலா நடக்குது?"

"விளையாடாதடா. செத்தவன்கிட்ட போய் வலிக்குதான்னு கேட்டா ஆமான்னா சொல்லுவான்?"

"சொல்ல மாட்டான். அதனாலதான் செத்தவங்களப் பத்தி யாரும் தப்பாப் பேசறதில்ல."

சிரித்துவிட்டாள். சிரித்தவர்கள் மறுபடி கேட்பதில்லை.

வளையங்கள் எல்லாம் உப்புச் சோதனையில் தேறியவை என்று நாங்கள் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது. அது பேராசிரியர் தன் பழைய கட்டுரையிலிருந்து எடுத்து ஒட்டியது. நான் அழிக்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கட்டுரையின் பலத்தில், எங்கள் மருத்துவமனையிலேயே கர்ப்பிணிகளுக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்க அனுமதி கிடைத்தது.

அப்போது என் அக்காவுக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டானவள். கொதிப்பு ஏறியிருந்தது. டாக்டரம்மா பழைய மாத்திரை, புது மாத்திரை இரண்டைப் பற்றியும் விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா முழுதாகக் கேட்கவில்லை.

"புதுசே குடுங்க மேடம். என் தம்பி பாத்த மருந்து. இவனுக்கு வாய்தான் நீளம், வேலையில சுத்தம்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, குடுக்கலாமா?"

மாமாவும் என்னையே பார்த்தார். வாய்மொழித் தேர்வு ஒன்று முடிந்தால் எனக்குப் பட்டம். யோசித்துத்தான் சொன்னேன்.

"கட்டுரையில இருக்கிற குழாய் ஒண்ணுகூடச் சுருங்கல மேடம்."

இதில் எந்தச் சொல் பொய் என்று நீங்கள் காட்ட முடியாது.

ஏழாம் மாத ஸ்கேனில் பிள்ளையின் வளர்ச்சி பின்தங்கியிருந்தது. கொடியில் ரத்த ஓட்டம் குறைவு என்றார்கள். கொதிப்பு உள்ளவர்களுக்கு எந்த மருந்தும் இல்லாமலேகூட இப்படி ஆகும், பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அக்கா போன் செய்தாள்.

"மாத்திரைய மாத்தச் சொல்லிக் கேக்கட்டுமாடா?"

"டாக்டர் சொல்றதக் கேளுக்கா."

நல்ல அறிவுரை. அவள் டாக்டர் சொன்னதைக் கேட்டாள். டாக்டர் என் கட்டுரை சொன்னதைக் கேட்டார்.

எட்டாம் மாதம் அசைவு நின்றது. பெண் குழந்தை. வார்டில் அதே மாத்திரை சாப்பிட்ட வேறு சிலருக்கும் இப்படி நேர்ந்ததாகச் சொல்லி, அவர்கள் பெயர்களை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அவர்களில் யாரும் எனக்குப் பழக்கமில்லை.

அந்த மருந்து உயிருள்ள குழாயைச் சுருக்கும் என்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும். செத்தது என்று தெரிந்துதான் ஒவ்வொன்றையும் மாட்டினேன். அக்கா வாயில் அந்த மாத்திரை போகும் என்று தெரிந்துதான் டாக்டரம்மாவுக்கு அப்படிப் பதில் சொன்னேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று அக்காவைப் பார்க்கப் போனேன். பிள்ளை இல்லாவிட்டாலும் பால் சுரந்துவிட்டது. பால் கட்டிய மார்பில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"அந்த மாத்திரையா இருக்காதுல்லடா?"

"ச்சே, அது இல்லக்கா."

துணியைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "அப்போ என் உடம்புதான் பிள்ளைக்கு ஆகலையா?"

"அப்படித்தான் இருக்கும்க்கா" என்றேன்.

ஆறுதலுக்காகச் சொன்னது. அதைப் பொய் என்று எழுதிவிட வேண்டாம்.