குதிரை இல்லாத சாட்டை

மாலையும் சால்வையும் மறைத்ததுபோக மீதி தெரியும் அவைத்தலைவர் கஸ்தூரிரங்கன் அவர்களே! ஆண்டு மலர்க்குழுப் பெரியோர்களே! பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் காரில் கொண்டுவிட்டுக் களைத்த அன்னையரே! எடிசன் நகர் வாழ் தமிழ் நெஞ்சங்களே! வணக்கம்.

சீனப் படக்கதைகளை ஆராய்பவள் நான். "பண்பாடு பத்திப் பேசும்மா, காமிக்ஸ் மட்டும் வேண்டாம்" என்றார் தலைவர். பண்பாட்டையே பேசுகிறேன். காமிக்ஸ் தானாக வந்துவிடும்.

நூறாண்டுக்கு முன், ஷாங்காய். தெருவோரக் கடை. உள்ளங்கை அளவுப் படக்கதைப் புத்தகங்கள். வாடகைக்கு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து படித்தார்கள் எளிய மக்கள். கற்றவர்கள் என்ன சொன்னார்கள்? குப்பை என்றார்கள். பின்வரிசையில் தலையாட்டும் அங்கிள், அவசரப்படாதீர்கள்.

அந்த ஓவியர்கள் சிலர் நாடகத்தைப் பார்த்து வரைந்தார்கள். மேடையில் குதிரை ஏது? நடிகர் சாட்டையை ஏந்தினால் குதிரையேறிவிட்டார் என்று பொருள். ஓவியரும் சாட்டையை வரைந்தார். குதிரையை விட்டுவிட்டார். காகிதத்தில் குதிரைக்கு என்ன பஞ்சம்? கண் பழகியதைக் கை வரைந்தது. ஒரு சமூகத்தின் கண் எதற்குப் பழகியது? படக்கதை காட்டிக்கொடுக்கும்.

நம் பள்ளி மாணவி தீக்ஷா, பொங்கல் விழாவைப் படக்கதையாக்கி ஆண்டு மலருக்குத் தந்தாள். மேடை. மைக். நாற்காலியில் சால்வைக் குவியல். ஆள் இல்லை.

"இதுல நான் எங்கம்மா?" என்றார் தலைவர்.

"தட்ஸ் யூ, அங்கிள். லாஸ்ட் ரோ-ல எங்களுக்கு அதுதான் தெரியும்" என்றாள்.

"மலர்ல காமிக்ஸ் போடற வழக்கமில்ல."

சிரிக்காதீர்கள். நீங்களும் இருக்கிறீர்கள் அந்தப் படத்தில், தூக்கிப் பிடித்த செல்போன்களாக.

பிள்ளைகள் தமிழில் பதில் சொல்வதில்லை என்று புலம்பியது யார்? நாம்தான். ஒருத்தி சொன்னாள். படத்துக்குப் படம், கீழே ஒரு வரி, அவளே எழுதிய தமிழில். இன்று குழு முடிவெடுக்கிறது. அச்சிடுவதா? திருப்பித் தருவதா? திருப்பினால் அவள் இனித் தமிழில் எழுதுவாளா?

நாளை நம்மை ஆராய ஒருத்தி வருவாள். அவள் தேடப்போவது நம் வாழ்த்துரைகளையா? தலைவரே, முகம் வாட வேண்டாம். அந்தச் சால்வையைப் பார்த்து, உள்ளே ஒரு மனிதர் இருந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கப்போவது அவள்தான்.

எனவே அச்சிடுங்கள். திருத்தாமல் அச்சிடுங்கள். முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்!

அதோ, எனக்கான சால்வையோடு தலைவர் எழுந்துவிட்டார். நன்றி, அங்கிள். கொஞ்சம் பொறுங்கள். கடைசி வரிசையில் தீக்ஷா பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள். முடிவைச் சொல்லிவிட்டுப் போர்த்துங்கள். அதுவரையாவது நான் அவள் கண்ணுக்குத் தெரிகிறேன்.

கேட்ட செவிகளுக்கு நன்றி. வணக்கம்.