வடிநீரில் ஒரு மூடி கோலா

எனக்குக் கோலா பிடிக்காது. குடித்தால் ஏப்பம் வரும், வகுப்பில் மரியாதை போய்விடும். ஆனாலும் எங்கள் ஆய்வகக் குளிர்பெட்டியில் எப்போதும் ஒரு பாட்டில் வைத்திருப்பேன். நீங்கள் அதைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த விசாரணைக் குழுவில் மூன்று பேருமே சட்டம் படித்தவர்கள். அதனால் கொஞ்சம் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. கொட்டாவி விட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன், முப்பது வருடமாக அதைப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். பாஸ்பரஸ் இல்லாமல் எந்த உயிரும் வாழாது. தண்ணீரில் அது பாஸ்பேட்டாகத் தாராளமாகக் கிடைத்தால், பாக்டீரியா புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக்கொள்ளும். மிஞ்சியதைச் சரம் சரமாகக் கோத்து உள்ளே பதுக்கியும் வைக்கும். பசி வந்தால்தான் வேலையில் இறங்கும். கத்தரி மாதிரி ஒரு நொதியைத் தயாரித்து, வேறு சேர்மங்களில் ஒட்டியிருக்கிற பாஸ்பேட்டை வெட்டி எடுக்கும். நாங்கள் நிறமில்லாத ஒரு சேர்மத்தைக் குடுவையில் போட்டுவைப்போம். அதில் கத்தரி பட்டதும் குடுவை மஞ்சளாகிவிடும். மஞ்சள் வந்தால் பாக்டீரியாவுக்குப் பசி என்று அர்த்தம்.

என் மாணவியின் ஆய்வே அந்த மஞ்சளை நம்பித்தான். சாக்கடையிலிருந்து அவளே பிடித்து வந்த பாக்டீரியா, எவ்வளவு பசித்தால் கத்தரியை எடுக்கிறது என்று காட்டிவிட்டால் பட்டம் கிடைக்கும். பட்டம் வாங்கினால், கணவனும் மகனும் இருக்கிற ஊரில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. பையனைக் கைக்குழந்தையாக விட்டுவிட்டு வந்தவள்.

கெட்டிக்காரி. என் வகுப்புகளை எடுப்பாள், விடைத்தாள் திருத்துவாள், என் பெயரில் கட்டுரை எழுதுவாள். நான் தேடுகிற மூக்குக் கண்ணாடி என் தலைமேலேயே இருக்கிறது என்று சிரிக்காமல் சொல்வாள். இப்படி ஒருத்தியை யாராவது கையசைத்து வழியனுப்பி வைப்பார்களா, நீங்களே சொல்லுங்கள்.

கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, தண்ணீரில் கலந்தால் அதுவும் பாஸ்பேட்தான். அவள் மதியம் சாப்பிடப் போகும் நேரத்தில், ஆய்வுக்கென்று காய்ச்சி வடித்த தண்ணீர் கேனில் ஒரு மூடி ஊற்றுவேன். நிறம் துளியும் தெரியாது. பாக்டீரியாவுக்கு வயிறு நிறைந்துவிடும், கத்தரி பக்கமே போகாது.

"மேடம், இந்தத் தடவையும் மஞ்சள் வரல."

"விடும்மா. இன்னொரு தடவை பண்ணிப் பாப்போம். அவசரப்பட்டா ஆகுமா?"

"பையன் போன்ல என்னை ஆன்ட்டிங்கறான் மேடம்."

"குழந்தைதானே, கூப்பிட்டுட்டுப் போறான்," என்றேன்.

குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, தொட்டிப் பக்கம் திரும்பி அழுதாள். நானும் மனுஷிதானே. அன்றைக்கு அரை மூடிதான் ஊற்றினேன்.

பிறகு அவளுக்குத் தண்ணீர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மருந்துக்கடையில் ஊசிக்கென்று விற்கிற தண்ணீரை வாங்கி வந்து அதில் பாக்டீரியாக்களை வளர்த்துப் பார்த்தாள். முதலில் அதிலும் மஞ்சள் வரவில்லை. நான் ஊட்டியதைப் பதுக்கி வைத்திருந்தன அல்லவா, அதை வைத்தே சமாளித்துவிட்டன. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இவள் விடாக்கண்டி. அதே தண்ணீரில் அவற்றின் பிள்ளைகளை வளர்த்தாள், பேரன் பேத்திகளையும் வளர்த்தாள். சேமிப்பெல்லாம் கரைந்தது. ஒரு நாள் காலையில் நான் உள்ளே நுழைந்தபோது மேசைமேல் இரண்டு குடுவைகள் இருந்தன. கேன் தண்ணீர்க் குடுவை எப்போதும்போல இருந்தது. மற்றது எலுமிச்சம்பழ மஞ்சள்.

அவள் கத்தவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மேடம், உங்களுக்குத்தான் கோலா பிடிக்காதே?"

ஆமாம், நான்தான் ஊற்றினேன். தெரிந்தேதான் ஊற்றினேன். அவளுக்கு வைத்திருந்த வேலையை இதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். அதையும் என் கணக்கிலேயே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஈவிரக்கம் இல்லாதவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இப்போது வெளியே பெஞ்சில் மகனோடு உட்கார்ந்திருக்கிறாள், பார்த்திருப்பீர்கள். நான் உள்ளே வரும்போது அந்தப் பையன் அவளிடம், "ஆன்ட்டி, பசிக்குது," என்றான். எனக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அவள் வெடுக்கென்று பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாள். பிள்ளை வீறிட்டு அழுதான். இப்போது நீங்களே சொல்லுங்கள், இரக்கமில்லாதவள் யார்? நான் ஆயிரம் தப்பு செய்திருக்கலாம். பசித்த குழந்தையிடமிருந்து பிடுங்குகிற ஜென்மம் நான் இல்லை.