ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவில்

கமர் ஜஹான்: அந்த பட்டனை வுடுங்க. பத்து வாட்டி அமுக்கிட்டீங்க.

ஹபீப்: அமுக்குனா தான நகரும்?

கமர் ஜஹான்: நகரலியே! ரெண்டாவது மாடிக்கும் மூணாவதுக்கும் நடுவுல தொங்கிக்கினு கீறோம். கம்பிக் கதவுக்கு எதிர்ல பாருங்க, வெறும் செவுரு.

ஹபீப்: பாக்க சொல்லாத... மூச்சு முட்டுது.

கமர் ஜஹான்: லிஃப்ட்டுன்னாலே பயம். ஜன்னல் ஸ்க்ரீன் அளவெடுக்க அபிராமபுரம் பூரா பதினஞ்சு வருஷமா படியேறியே போனவரு. இன்னிக்கு இன்னா திடீர்னு?

ஹபீப்: முட்டி வலி... வாட்ச்மேன் இன்னா சொன்னாரு?

கமர் ஜஹான்: கம்பெனிக்கு ஃபோன் பண்ணிட்டாராம். மெக்கானிக் திருவான்மியூர்ல கீறாராம். ட்ரெயினிங் பொண்ணு ஒண்ணு பக்கத்துத் தெருவுல கீதாம், மொதல்ல அது வரு... பொண்ணா? யா அல்லாஹ்!

ஹபீப்: பொண்ணுன்னா இன்னா இப்போ?

கமர் ஜஹான்: ஒண்ணுமில்ல... ஆம்பள ஆளு வந்தா நல்லா இருக்கும்னு...

ஹபீப்: நம்ம ரூஹி எங்க?

கமர் ஜஹான்: இப்ப எதுக்கு அவ? கூடப் படிக்கிற மஹ்விஷ் வூட்ல அக்கவுண்டன்சி படிச்சிக்கினு கீறா.

ஹபீப்: லீவுல கூடவா?

கமர் ஜஹான்: பன்னெண்டாவது ஆச்சே.

ஹபீப்: ஹூம். ஸ்கூல்ல எலக்ட்ரிக்கல் குரூப்பு சேக்கலாமான்னு கேட்டப்போ நான் இன்னா சொன்னேன்?

கமர் ஜஹான்: பொட்டப்புள்ள கரண்டுல கைவெச்சா படிப்பையே நிறுத்திடுவேன்னீங்க.

ஹபீப்: ஞாபகம் வெச்சிக்கினுதான் கீற.

குரல், மேலேயிருந்து: உள்ள யாரு? பயப்படாதீங்க, லிஃப்ட்டு கீழ வுழாது. எத்தினி பேரு?

கமர் ஜஹான்: ரெண்டு பேரும்மா! நானு... என் வூட்டுக்காரரும் கீறாரு! கேக்குதா? என் வூட்டுக்காரரு!

ஹபீப்: ஒரு வாட்டி சொன்னா போதாதா?

குரல்: அம்...

கமர் ஜஹான்: ஆமா, அம்மாதான், பெரியவங்கள அப்பிடிதான் கூப்புடணும்! நீ ஒண்ணும் பேசாதம்மா, மெக்கானிக் வரட்டும்!

ஹபீப்: பேசாம எப்பிடி தெறப்பா? இந்த கம்பி வழியா கைய வுட்டு...

குரல்: கைய வெளிய நீட்டாதீங்க! எத்தினி வாட்டி சொல்றது!

ஹபீப்: இப்ப தானம்மா மொத வாட்டி சொல்ற?

குரல்: ...சாரி சார்.

ஹபீப்: நேத்துதான் சர்வீஸ் ஆச்சாமே. யாரு பண்ணது?

குரல்: மெக்கானிக் அண்ணன்... கூட நானும்.

ஹபீப்: அப்போ உன் தப்பா?

குரல்: தெரியல சார். நேத்து நல்லாத்தான் ஓடுச்சு. என் தப்புன்னா... ட்ரெயினிங் சீட்டுல கையெழுத்து போட மாட்டாங்க. பன்னெண்டாவதோட அந்த சீட்டும் இருந்தா தான் வேல.

ஹபீப்: வேல குடுத்துருவாங்களாக்கும்?

குரல்: மயிலாப்பூர், அடையாறு ரெண்டுத்துலயும் நூறு லிஃப்ட்டு பாக்குறாங்க சார். ஆளு பத்தல.

கமர் ஜஹான்: போதும்மா, பேசாதன்னு சொன்னேன்ல! ஏங்க... ஏங்க, இன்னா இப்பிடி வேர்க்குது? மூச்சு இழுக்குதே!

குரல்: அத்... சாருக்கா? உக்கார வையும்மா! தண்ணி குடு! மெக்கானிக் வர அரை மணி ஆவும்... இரு, ஒரு நிமிஷம்.

ஹபீப்: எங்க... போறா?

கமர் ஜஹான்: ஃபோன் பேசறா. குடிங்க. மெதுவா.

குரல்: அண்ணன கேட்டுட்டேன். நான் எதையும் தொடக்கூடாதாம். உங்கள பாக்க சொல்லலாம்னாரு. கம்பிக் கதவு முழுசா மூடிக்கினு கீதா? ஓரத்துல வெரல் நொழையுதா?

ஹபீப்: ஒரு வெரல்... நொழையுது.

குரல்: கீழ பாருங்க. கதவு ஓடுற பள்ளத்துல.

கமர் ஜஹான்: ஐயே, நம்ம பச்சை சாம்பிள் துணி! பாதி வழியில மூட்டையிலருந்து நழுவி சிக்கிக்கினு கீது!

குரல்: அதான்! தொடர் இணைப்புன்னு ஸ்கூல்ல படிச்சேன் சார். ஒரு எடத்துல வுட்டுப் போனா மொத்த கரண்டும் நின்னுடும். இந்தக் கதவும் அதுல ஒரு எடம். துணிய உருவிட்டு கதவ நல்லா இழுத்து மூடுங்க.

ஹபீப்: அப்போ உன் தப்பு இல்ல?

குரல்: இல்ல சார்... இல்ல!

கமர் ஜஹான்: மூடிட்டேன். ரெண்டாவதுலயே எறங்கிடலாங்க. ரெண்டு அமுக்குறேன்...

ஹபீப்: மூணு.

கமர் ஜஹான்: வேணாங்க, நான் சொல்றத கொஞ்சம்...

ஹபீப்: அமுக்கிட்டேன்.

ரூஹி: ...அத்தா.

கமர் ஜஹான்: என்னைத் திட்டுங்க. அவள ஒண்ணும் சொல்லாதீங்க.

ஹபீப்: வேலை நேரத்துல அத்தா இன்னா அத்தா? உள்ள மாட்டுனவங்க கையெழுத்து வேணும்ல? கம்ப்ளெய்ன்ட் சீட்ட குடு.

ரூஹி: இங்க... கீழ போடணும்.

ஹபீப்: ஸ்கூல்ல எலக்ட்ரிக்கல் குரூப்பு ஃபாரத்துல என் கையெழுத்த உங்கம்மா போட்டா. டீச்சர் கூப்ட்டு காட்டுனாங்க. நீ ஒயர் மாட்டுன போர்டையும் காட்டுனாங்க. சுவிட்ச்ச போட்டேன், எரிஞ்சிச்சு. அந்த ஃபாரத்துலயே பக்கத்துல நானும் ஒண்ணு போட்டுட்டு வந்தேன்.

கமர் ஜஹான்: எப்போ?

ஹபீப்: போன வருஷம்.

கமர் ஜஹான்: ஒரு வருஷமா! மஹ்விஷ் வூடு, மஹ்விஷ் வூடுன்னு நான் நடுங்கிக்கினு சொன்னதெல்லாம் தலையாட்டி கேட்டுக்கினா இருந்தீங்க?

ஹபீப்: நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன்.

கமர் ஜஹான்: இருங்க... அப்போ அந்த முட்டி வலி?

ஹபீப்: முட்டி நல்லாத்தான் கீது. நேத்து இவ கைவெச்ச லிஃப்ட்டு இதுன்னு வாட்ச்மேன் சொன்னாரு... மொதல்ல நான் ஏறிப் பாக்க வேணாமா?