ஒரு முழத்துக்குள் இரண்டு பேர்

கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவு போகும் காலை பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. எனக்கு முன்னால் மீன் கூடைகளோடு நின்ற இரண்டு பெண்களில் இளையவள் திடீரென்று சிரித்தாள்.

“எங்கட மீன்பிடி போட்டில எழுத்துகளும் இப்பிடித்தான் நிக்குது, அக்கா. ஒண்டோடொண்டு ஒட்டி, நெட்டையா.”

“ஏன், இடம் காணேல்லையோ?”

“எப்பிடிக் காணும்? பதிவு நம்பர் போக மிச்சம் ஒரு முழம். அதுக்குள்ள மரியதர்சினியும் வரவேணும், அமலதர்சினியும் வரவேணும். ஸ்டிக்கர் கடைக்காரர் ஒரு பேரை விடச் சொன்னார்.”

“ஐயோ, எந்தப் பிள்ளையை விடுறது!”

“அதைத்தான் நானும் கேட்டனான். பிறகு அவரே ஒரு ஒடுங்கின எழுத்தைத் தேடிப் பிடிச்சார். சுழிப்பு, மினுக்கம் ஒண்டும் இல்லை. அகலத்தைக் குறைச்சு உயரத்தைக் கூட்ட, ரெண்டு பேரும் அடங்கிட்டினம்.”

“வடிவா இருக்கோ?”

“பட்டினி கிடந்த மாதிரித்தான் இருக்கு. எங்கட மனிசனுக்குப் பிடிக்கேல்லை.”

கண்டக்டர் உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். இருவரும் கூடைகளை இழுத்துக்கொண்டு ஓரடி நகர்ந்தார்கள்.

“நேற்று கடல் சரியில்லை, அக்கா. எல்லாப் போட்டும் வந்திட்டுது, இவரை மட்டும் காணேல்லை. கரையிலயே நிண்டனான். கனநேரத்துக்குப் பிறகு தூரத்தில ஒண்டு தெரிஞ்சுது. முந்தியெண்டா கிட்ட வந்தாப் பிறகுதான் ஆரின்ர போட்டெண்டு தெரியும். நேற்று, அலைக்கு அங்கால நிக்கேக்கையே ரெண்டு பிள்ளையளின்ர பேரையும் வாசிச்சிட்டன்.”

“பிறகு?”

“பிறகென்ன, அவர் கரைக்கு வருமட்டும் நான் நிக்கேல்லை. வீட்ட போய் உலை வச்சிட்டன்.”