தடுப்பூசி அட்டவணைக்கு அடியில்

ஒரு தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுவது லேசான காரியமில்லை, ஐயா. பசையை நடுவில் தடவினால் உப்பிக்கொள்ளும். நான்கு மூலைகளிலும் தொட்டு வைத்து, மேலிருந்து கீழாக உள்ளங்கையால் நீவ வேண்டும். நகராட்சி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்து வருகிறேன். மன்றம் எடுக்கும் முடிவுகள் முப்பது நாள் மக்கள் பார்வைக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அதற்குள் யாராவது எழுத்தில் ஆட்சேபித்தால் கூட்டம் போட்டு விசாரிக்க வேண்டும். அறிவிப்பை எழுதுவது, ஒட்டுவது, முதல் நாளும் கடைசி நாளும் படம் எடுத்துக் கோப்பில் வைப்பது எல்லாம் என் பொறுப்பு.

ஒரே ஒரு தடவை மக்கள் படித்துவிட்டார்கள். குப்பைக் கிடங்கு விஷயம். இருநூறு பேர் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மூன்று நாள் விசாரணை. மன்றத் தலைவருக்குச் சட்டைப் பொத்தான் ஒன்று போனது, எனக்கு மூன்று நாளும் மதியச் சாப்பாடு போனது. எல்லாம் அடங்கியதும் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"ஒட்டணும்னுதான் சட்டம் சொல்லுது. படிக்க வைக்கணும்னு சொல்லலையே," என்றார்.

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்று முதல் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். அறிவிப்பை ஒட்டிப் படம் எடுத்ததும், அதன் மேல் நாய்த் தடுப்பூசி அட்டவணையைக் குண்டூசியால் தொங்கவிடுவேன். முப்பதாம் நாள் அதை எடுத்துவிட்டு மறுபடியும் படம். எந்த அறிவிப்பையும் நான் கிழித்ததில்லை. நாய் வளர்ப்பவர்கள் மட்டும் எப்போதாவது நின்று பார்ப்பார்கள்.

ஏரி விஷயமும் அப்படித்தான். ஏரி நிரம்பினால் இரண்டு மதகுகளில் ஒன்றைத் திறந்தாக வேண்டும். மேற்கு மதகென்றால் தண்ணீர் கடைவீதிக்குள் போகும். கிழக்கு மதகென்றால் பள்ளத்தில் இருக்கும் மூன்று தெருக்களுக்குள் போகும். மன்ற உறுப்பினர்களில் பாதிப் பேருக்குக் கடைவீதியில் கடை இருக்கிறது. கிழக்கைத்தான் திறப்பது என்று டீ ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. பொறியாளர் எழுதித் தந்த தலைப்பு, 'பள்ளத் தெருக்களுக்குள் ஏரி நீரைத் திறந்துவிடுதல்'. கொஞ்சம் பச்சையாக இருந்தது. 'உபரிநீர் வெளியேற்ற முன்னுரிமை வரைவு' என்று மாற்றினேன். உள்ளே அவர் எழுதியதில் கை வைக்கவில்லை. சங்கு மூன்று முறை ஊதினால் அரை மணி நேரத்தில் தண்ணீர் வரும், பள்ளத் தெருக்காரர்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும் என்பது அதில் ஐந்தாவது வரி.

பன்னிரண்டாம் நாள் ஒரு தையற்காரி வந்தாள், மகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க. பள்ளத்தில் உள்ள நடுத்தெருவில் இருப்பவள். காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்கமாட்டாமல் அறிவிப்புப் பலகையில் உள்ளதையெல்லாம் படித்துக்கொண்டு போனாள். தடுப்பூசித் தாளின் ஓரத்தைத் துணியின் விளிம்பைப் புரட்டுவதுபோல இரண்டு விரலால் தூக்கினாள். நான் எழுந்து போனேன்.

"அது பழசும்மா. எடுக்க மறந்துட்டேன்."

"தேதி இந்த மாசம் போட்டிருக்கே, சார்?"

"முத்திரை சரியில்ல. தப்பா விழுது."

"உங்க முத்திரைக்கும் வயசாயிடுச்சு போல," என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் மூன்றாவது வரிக்கு வந்திருந்தாள். சான்றிதழை நானே உள்ளே போய் வாங்கிவந்து கையில் கொடுத்தேன். வழக்கமாக ஒரு வாரம் ஆகும். அவளுக்குப் பத்து நிமிடத்தில் கிடைத்தது. வாசல்வரை நன்றி சொல்லிக்கொண்டே போனாள்.

முப்பத்தோராம் நாள் கோப்பில் 'ஆட்சேபணை ஏதும் வரவில்லை' என்று எழுதினேன். அது உண்மைதானே.

மழை ஆறு நாள் விடாமல் பெய்தது. ஏழாம் நாள் காலை பத்து மணிக்குச் சங்கு ஊதினார்கள். மூன்று முறை, விதிப்படி. என்ன சத்தம் என்று பள்ளத் தெருக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்களாம். பிறகு உள்ளே போய் அவரவர் வேலையைப் பார்த்தார்களாம். பத்தரைக்கு மதகைத் திறந்தார்கள். பத்தொன்பது பேர். தையற்காரியும் மகளும் அதில் உண்டு. அந்த மகளின் இறப்பை நான்தான் பதிவு செய்தேன்.

ஏரி நிரம்பும் என்று நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். நினைக்கவில்லை என்றுதான் இந்த விசாரணையில் நேற்று வரை சொல்லிவந்தேன். ஆனால் என் அக்காவும் நடுத்தெருவில்தான் இருந்தாள், தையற்காரி வீட்டுக்கு எதிர்வீடு. அறிவிப்பை ஒட்டிய வாரமே போய், கூரை ஒழுகும், மழைக்காலம் முடியும்வரை எங்களோடு இரு என்று கட்டாயப்படுத்திக் கூட்டிவந்துவிட்டேன். கூரையில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது. ஆம், எனக்குத் தெரியும். தெரிந்துதான் மறைத்தேன். எல்லோரிடமும் சொல்லியிருந்தால் ஆட்சேபணை வந்திருக்கும்.

தண்ணீர் வடிந்த அன்று அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எனக்கு மட்டும் ஏன்டா சொன்ன?"

சொல்லவே இல்லையே, கூரைக்காகத்தானே கூப்பிட்டேன் என்றேன். பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சேறு படிந்த அந்த வீட்டைத் தானே கழுவிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். மூன்று முறை போனேன். உள்ளே நடமாட்டம் கேட்கிறது, கதவைத் திறப்பதில்லை.

உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த தம்பியிடம் இப்படி நடந்துகொள்கிறாளே, ஐயா. இதில் எனக்குள்ள வருத்தம் அது ஒன்றுதான்.